வாஷிங்டன் – பாஸ்டன் பதக்கம்: அந்தக் காலத்தில் அடித்ததா, பின்னாளில் அடித்ததா?

டெலாவர்க்கரை:

எல்லோருக்கும் வணக்கம். நியூஜெர்சியில் இருக்கிறேன். இதுவரை பிரிட்டிஷ் இந்தியக் காசுகள் மட்டும்தான் சேர்த்து வந்தேன். அமெரிக்கப் பதக்கங்கள் எனக்குப் புதிது.

சமீபத்தில் பக்கத்து ஊரில் ஒரு எஸ்டேட் சேல், அதாவது ஒரு வீட்டுப் பொருள்களையெல்லாம் மொத்தமாக விற்பது. எழுதும் மேசை, பேனாக்கள், பழைய புத்தகங்கள் என்று எல்லாம் விலைக்கு வைத்திருந்தார்கள். அவற்றுக்கு நடுவே கனத்த பதக்கம் ஒன்று கிடந்தது. கையில் எடுத்த பிறகு கீழே வைக்க மனம் வரவில்லை, வாங்கிவிட்டேன்.

குறுக்களவு 68 மில்லிமீட்டர் இருக்கும். முன்பக்கம் வலப்பக்கம் பார்த்தபடி வாஷிங்டன் தலை, சுற்றிலும் லத்தீன் எழுத்து. பின்பக்கம் ஒரு மேட்டின் மேல் ஐந்து பேர் குதிரையில் இருக்கிறார்கள். ஒருவர் கையை நீட்டித் தூரத்தில் தெரியும் ஊரைக் காட்டுகிறார். கீழே பீரங்கி, குண்டுகள். அடியில் ரோமன் எண்ணில் 1776. நிறம் செம்புக்கும் சாக்லேட்டுக்கும் நடுவில். எழுத்துகளுக்கு இடையே ஓரிடத்தில் கொஞ்சம் பச்சை பிடித்திருக்கிறது.

விற்றவர் "1776 ஒரிஜினல்" என்றார். நம்பலாமா? பச்சையை எப்படி எடுப்பது? அப்புறம், இந்த வழியில் தொடர்ந்து சேர்க்க ஆசை வந்துவிட்டது, எங்கிருந்து தொடங்கினால் நல்லது?

பழம்பதக்கம்:

வாங்க. உங்கள் கையில் இருப்பதை இங்கே "வாஷிங்டன் பிஃபோர் பாஸ்டன்" என்பார்கள். அமெரிக்கப் பதக்கங்களிலேயே எனக்கு மிகப் பிடித்தது இதுதான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த 1776. அது சம்பவம் நடந்த ஆண்டு. அந்த ஆண்டில் இந்தப் பதக்கம் ஒன்றுகூட அடிக்கப்படவில்லை. நடந்தது இதுதான்: பாஸ்டனுக்குள் பிரிட்டிஷ் படை, வெளியே முற்றுகையிட்டபடி வாஷிங்டன். அவரிடம் கனரக பீரங்கி இல்லை. ஹென்றி நாக்ஸ் டைகண்டரோகா கோட்டையிலிருந்து பனிக்காலத்தில் சறுக்குவண்டிகளில் வைத்துப் பீரங்கிகளை இழுத்துக்கொண்டு வந்தார். மார்ச் 4 இரவோடு இரவாக டார்செஸ்டர் மேட்டில் ஏற்றி அரண் கட்டிவிட்டார்கள். விடிந்து பார்த்தால் துறைமுகமே பீரங்கி வீச்சுக்குள். மார்ச் 17 அன்று ஜெனரல் ஹவ் படையோடு கப்பலேறிவிட்டார். உங்கள் பதக்கத்தின் பின்பக்கத்தில் வாஷிங்டன் கையை நீட்டிக் காட்டுவது இதைத்தான். லென்ஸ் வைத்துப் பாருங்கள், அவர் விரல் போகும் திசையில் ஊருக்கு அப்பால் கப்பல்கள் தெரியும். கிளம்பிப் போகும் கப்பல்கள் அவை. மேலே இருக்கும் லத்தீன் வாசகத்துக்கு "எதிரிகள் முதன்முறையாக விரட்டப்பட்டார்கள்" என்று பொருள். கீழே "பாஸ்டன் மீட்கப்பட்டது, 17 மார்ச் 1776".

எட்டே நாளில், மார்ச் 25 அன்று, வாஷிங்டனுக்குத் தங்கப் பதக்கம் தருவதென்று காங்கிரஸ் தீர்மானம் போட்டது. அதைச் செய்து முடிக்க ஜான் ஆடம்ஸ், ஜான் ஜே, ஸ்டீஃபன் ஹாப்கின்ஸ் என்று மூவர் குழு. சுதந்திரப் பிரகடனம் வர இன்னும் மூன்று மாதத்துக்கு மேல் இருக்கிறது! நாடு பிறப்பதற்கு முன்பே நாட்டின் முதல் பதக்கத்துக்கு வாக்களித்துவிட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிலிர்க்கிறது.

ஆனால் செய்து தர ஆள் வேண்டுமே. இந்தத் தரத்தில் அச்சு வெட்டும் சிற்பி அங்கே இல்லை, அரசு நாணயச்சாலையும் இல்லை. அமெரிக்க மின்ட் வந்ததே 1792-ல்தான். போர் முடிந்த பிறகு டேவிட் ஹம்ஃப்ரீஸ் என்ற வாஷிங்டனின் பழைய உதவியாளர் இந்த வேலையைப் பாரிஸுக்குக் கொண்டு போனார். அங்கே தூதராக இருந்த ஜெஃபர்சன் அதைக் கையில் எடுத்து நடத்தினார். அச்சு வெட்டியவர் துவிவியே என்ற பிரெஞ்சுச் சிற்பி. வாஷிங்டன் முகத்துக்கு ஊதோன் செய்த மார்பளவுச் சிலை மாதிரி. ஊதோன் 1785-ல் மவுண்ட் வெர்னனுக்கே போய், வாஷிங்டன் முகத்தில் சாந்து அப்பி அச்சு எடுத்த சிற்பி. அதனால் உங்கள் பதக்கத்தில் இருக்கும் மூக்கும் தாடையும் கற்பனை முகமாகத் தெரியாது. தங்கப் பதக்கம் வாஷிங்டன் கைக்கு வந்தபோது 1790. அப்போது அவர் ஜனாதிபதி. அந்த ஒற்றைத் தங்கப் பதக்கத்தை 1876-ல் பாஸ்டன் நகரத்தார் சிலர் பணம் போட்டு வாங்கினார்கள். இன்று பாஸ்டன் பொது நூலகத்தின் உடைமை.

அதன் பிறகும் பாரிஸ் மின்ட் இந்தப் பதக்கத்தைப் பல பத்தாண்டுகள் அடித்து விற்றுக்கொண்டே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் ஃபிலடெல்ஃபியா மின்ட்டும் நகல் அச்சு செய்து அடிக்கத் தொடங்கியது. ஆகவே உங்கள் கேள்விக்கு விடை முகத்தில் கிடைக்காது. பதக்கத்தை நிமிர்த்தி விளிம்பைப் பாருங்கள். சன்னல் வெளிச்சத்தில் மெல்லச் சுற்றிக்கொண்டே வாருங்கள். சின்னதாக ஏதாவது படம், பக்கத்தில் எழுத்து, ஏதேனும் தெரிகிறதா? தெரிந்தால் எழுதுங்கள், மிச்சத்தைச் சொல்கிறேன்.

அதுவரை ஒன்றே ஒன்று. பச்சையில் கை வைக்காதீர்கள். குத்துவிளக்கு துலக்குகிற நினைப்பில் புளி, எலுமிச்சை, பித்தளை பாலிஷ் எதுவும் வேண்டாம்.

டெலாவர்க்கரை:

ரொம்ப நன்றி சார். இவ்வளவு கதை இதற்குள் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. கப்பல்களைப் பார்த்துவிட்டேன், அவ்வளவு சிறியதில் பாய்மரம் வரை தெரிகிறது.

விளிம்பில் இருக்கிறது! ஒரு சின்னக் கை, சுட்டுவிரலை நீட்டினாற்போல். அதையடுத்து சி, யு, ஐ, வி, ஆர், இ என்று ஆறு எழுத்துகள்.

பழம்பதக்கம்:

அருமை, வேலை முடிந்தது. அந்த எழுத்துகள் பிரெஞ்சில் செம்பு. கை என்பது பாரிஸ் மின்ட்டின் அந்தக் காலத்து அடையாளம். 1832 முதல் அவர்கள் தாங்கள் அடிக்கும் பதக்கங்களின் விளிம்பில் சின்னம் குத்தினார்கள், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சின்னத்தை மாற்றினார்கள். முதலில் பழங்கால விளக்கு, 1841 வரை. பிறகு ஓராண்டு போல நங்கூரம். 1842 முதல் 1845 வரை கப்பலின் முன்முனை. 1845 முதல் 1860 வரை உங்களுடைய கை. அடுத்து தேனீ, 1879 வரை. 1880-லிருந்து பழங்கள் பொங்கி வழியும் கொம்பு. கொம்பு இன்றும் தொடர்கிறது. அண்மைக் காலத்துப் பதக்கங்கள் பலவற்றில் ஆண்டையும் சேர்த்துக் குத்தியிருப்பார்கள்.

ஆக, உங்கள் பதக்கம் 1845-க்கும் 1860-க்கும் இடையில் பாரிஸில் அடித்தது. விற்றவர் சொன்ன ஆண்டு தப்பு. ஆனாலும் நீங்கள் வாங்கியது நல்ல பொருள். லிங்கன் ஜனாதிபதி ஆவதற்கு முன்பே பிறந்துவிட்ட பதக்கம் அது.

இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் புதிதாக வருகிறவர்கள் "ரீஸ்ட்ரைக்" (பின்னாளில் மறுபடி அடித்தது) என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்கள். மின்ட் தன் சொந்த அச்சுக்கூடத்தில், தன் அடையாளத்தைத் தானே விளிம்பில் குத்தி, ஒளிக்காமல் விற்ற பதக்கம் போலி ஆகாது. பெரும்பாலான சேகரிப்பாளர்கள் இந்தப் பதக்கங்களைப் பார்ப்பதும் தொடுவதும் இப்படி அடித்தவற்றின் வழியாகத்தான். தொடக்க காலத்து வெள்ளிப் பதக்கங்கள் விலைக்கு வருவதே அபூர்வம். வாஷிங்டனிடம் இருந்த பதினோரு வெள்ளிப் பதக்கங்கள் பின்னாளில் டேனியல் வெப்ஸ்டர் என்ற அரசியல் தலைவர் கைக்குப் போய், இப்போது மாசசூசெட்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கின்றன. அங்கிருந்து அவை எங்கும் போகப் போவதில்லை.

இன்னொரு உதாரணம் சொல்கிறேன். கவ்பென்ஸ் போரில் 1781 ஜனவரியில் வென்ற டேனியல் மார்கனுக்கும் காங்கிரஸ் தங்கப் பதக்கம் கொடுத்தது. அவர் காலமான பிறகு, 1818-ல், பிட்ஸ்பர்க்கில் ஒரு வங்கியில் வைத்திருந்தபோது அது களவு போய்விட்டது. பேரன் விடாமல் மனுப்போட்டார், காங்கிரஸும் புதிதாக ஒன்று செய்து தரச் சம்மதித்தது. பாரிஸில் பார் என்ற சிற்பி புதிய அச்சு வெட்டினார், ஃபிலடெல்ஃபியாவில் தங்கத்தில் அடித்தார்கள். போர் முடிந்து ஏறக்குறைய அறுபது ஆண்டு கழித்து அடித்த மாற்றுப் பதக்கம் அது. 2022-ல் ஏலத்துக்கு வந்து 9,60,000 டாலருக்குப் போனது. எப்போது அடித்தார்கள், ஏன் அடித்தார்கள், யாருக்காக அடித்தார்கள் என்பதெல்லாம் தெளிவாக இருந்தால், பின்னாளில் அடித்ததற்கும் அதற்கே உரிய மதிப்பு உண்டு.

விளிம்பில் சின்னம் எதுவும் இல்லாமல் இருந்திருந்தால் வேலை கஷ்டம். 1832-க்கு முன் பாரிஸில் அடித்ததாக இருக்கலாம், ஃபிலடெல்ஃபியாவில் அடித்ததாக இருக்கலாம். எலக்ட்ரோடைப்பாகவும் இருக்கலாம். அதாவது மின்முலாம் முறையில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என்று இரண்டு மெல்லிய செம்புத் தகடு எடுத்து, நடுவில் ஈயம் நிரப்பி ஒட்டியது. விளிம்பைச் சுற்றி நூல் பிடித்தாற்போல் ஒட்டு தெரியும். விரல் நுனியில் நிறுத்தி மெல்லத் தட்டினால் கணீரென்று கேட்காது, மொத்தென்று கேட்கும். வார்ப்படப் போலியும் உண்டு. அதில் எழுத்தின் ஓரங்கள் மழுங்கி, வெற்றிடங்களில் மணல் மணலாகப் பொரிந்திருக்கும். உலோகம் ஆறும்போது சுருங்குவதால் குறுக்களவும் சற்றுக் குறையும். குறுக்களவு அளக்க வெர்னியர் அளவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், நல்ல தராசும்.

பத்தாயிரம் ஏரி:

பழம்பதக்கம் ஐயா சொன்னதற்கு மேல் வாஷிங்டன் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. "எங்கிருந்து தொடங்குவது" என்ற கேள்விக்கு மினசோட்டாவிலிருந்து என் பங்கு.

1925 நார்ஸ்-அமெரிக்கன் நூற்றாண்டுப் பதக்கம் ஒன்று வாங்குங்கள். 1825 அக்டோபரில் ரெஸ்டரேஷன் என்ற சின்னப் பாய்மரக் கப்பலில் நார்வேக்காரர்கள் நியூயார்க் வந்து இறங்கினார்கள். அந்த நூற்றாண்டுக்காக எங்கள் ஊர்க் காங்கிரஸ் உறுப்பினர் ஓலே குவாலே முயற்சி எடுத்தார். அப்போது நினைவு நாணயங்கள் அளவுக்கு மீறி வருகின்றன என்ற புகார் இருந்தது. அதனால் நாணயமாக இல்லாமல் பதக்கமாக அடிக்க அனுமதி வாங்கினார். வடிவமைத்தவர் ஜேம்ஸ் ஏர்ல் ஃப்ரேசர், எருமை நிக்கல் என்ற ஐந்து சென்ட் காசை வடிவமைத்த அதே ஆள். எண்கோண வடிவம், ஒரு பக்கம் கரையேறும் வைக்கிங் வீரன், மறுபக்கம் அவன் கப்பல். பெரிய விழா இங்கே மாநிலக் கண்காட்சி மைதானத்தில்தான் நடந்தது, ஜனாதிபதி கூலிட்ஜே வந்தார்.

வெள்ளியில் தடிமன் ஒன்று, மெல்லியது ஒன்று என இரண்டு வகை. மெல்லியது 6,000 மட்டும். தடிமனானது முப்பத்து மூவாயிரத்துக்கும் மேல் அடித்ததால் சுலபமாகக் கிடைக்கும். புதிதாக வருகிறவர் தடிமனையே வாங்கலாம். தங்கத்தில் நூறு அடித்தார்கள், அதில் ஏறக்குறைய பாதி விற்காமல் உருக்கப்பட்டது. அதன் பக்கம் நாம் போக வேண்டாம்.

வாங்கும்போது தேய்த்துத் துலக்கியதா என்று மட்டும் பாருங்கள். வெளிச்சத்தில் சாய்த்தால் மேற்பரப்பில் ஒரே திசையில் மயிரிழைக் கீறல்கள் ஓடினால் யாரோ துணி போட்டுத் தேய்த்திருக்கிறார்கள். வேறு பார்த்துக்கொள்ளுங்கள், கிடைக்கும்.

மிச்சிகன் அவென்யூ:

நான் சிக்காகோ. எங்கள் ஊர்ப் பதக்கத்தைச் சொல்லாமல் விட்டால் எப்படி?

1893 கொலம்பியக் கண்காட்சிப் பரிசுப் பதக்கம். வெண்கலம், 76 மில்லிமீட்டர். முன்பக்கம் செயின்ட் காடன்ஸ் என்ற சிற்பி செய்தது. கொலம்பஸ் இரு கைகளையும் விரித்து, தலையை மேலே தூக்கிக் கரையில் கால் வைக்கிறார். பின்பக்கத்துக்கும் அவரே ஒரு வடிவம் கொடுத்திருந்தார், ஆடையில்லாத இளைஞன் உருவம். அதற்கு வாஷிங்டனில் எதிர்ப்புக் கிளம்பி, கடைசியில் மின்ட்டின் தலைமைச் சிற்பி சார்லஸ் பார்பர் செய்த பின்பக்கத்தைச் சேர்த்துவிட்டார்கள். செயின்ட் காடன்ஸ் கொதித்துப் போனார். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தால் அவர் கோபம் நியாயம் என்று நமக்கே தெரியும். முன்பக்கத்தில் காற்று வீசுகிறது, பின்பக்கம் சான்றிதழ் மாதிரி இருக்கிறது. கனெக்டிகட்டில் ஸ்கோவில் கம்பெனி அடித்துக் கொடுத்தது. இந்த இழுபறியில் பரிசு பெற்றவர்கள் கைக்குப் பதக்கம் போய்ச் சேர 1896 ஆகிவிட்டது.

எனக்கு இதில் பிடித்தது பெயர்ப் பட்டி. பரிசு வாங்கியவர் பெயர் ஒவ்வொரு பதக்கத்திலும் எழும்பிய எழுத்தில் இருக்கும். அதாவது இருபதாயிரத்துக்கும் மேல் பரிசு, ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடையது. தையல் மெஷின் கம்பெனி, கோதுமை விவசாயி, சோப்புக்காரர். என்னிடம் இருப்பது ஒரு விதை வியாபாரியுடையது. பழைய நகர முகவரிப் புத்தகங்களைத் தேடி அவர் கடை எந்தத் தெருவில் இருந்தது என்று கண்டுபிடித்தேன். அலுமினியப் பெட்டியோடு கிடைத்தால் விடாதீர்கள், அலுமினியம் அப்போது புது உலோகம்.

நமக்கு இந்தக் கண்காட்சியோடு ஒரு தொடர்பும் உண்டு. இதையொட்டி நடந்த சர்வ சமய மாநாட்டில்தான் விவேகானந்தர் பேசினார். அவரை அனுப்பி வைக்க மதராஸில் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய்ப் பணம் திரட்டினார். பதக்கத்தைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு அளசிங்கர் ஞாபகம் வரும்.

டெலாவர்க்கரை:

எல்லோருக்கும் நன்றி. நார்ஸ் பதக்கம் ஒன்று பார்த்து வைத்துவிட்டேன். இன்னும் இரண்டு கேள்வி. பச்சையை அப்படியே விட்டுவிடவா? இன்னொன்று, இணையத்தில் ஜெஃபர்சன் தலை போட்ட "பீஸ் மெடல்" ஒன்று வெள்ளி, ஒரிஜினல் என்று குறைந்த விலைக்கு வந்திருக்கிறது. பின்பக்கம் இரண்டு கைகள் குலுக்குவது போல. எடுக்கலாமா?

பழம்பதக்கம்:

இரண்டாவதை முதலில் சொல்கிறேன், அவசரப்பட்டு வாங்கிவிடப் போகிறீர்கள். வேண்டாம்.

பூர்வகுடித் தலைவர்களுக்கு அமெரிக்க அரசு கொடுத்த வெள்ளிப் பதக்கங்கள் அவை. ஜெஃபர்சன் பதக்கங்களைத்தான் நாட்டின் மேற்குப் பகுதியை ஆராயப் போன லூயிஸும் கிளார்க்கும் கொண்டு போனார்கள். மூன்று அளவு, பெரியது 105 மில்லிமீட்டர். அவ்வளவு பெரியதை ஒரே துண்டாக அடிக்க அன்றைய மின்ட்டால் முடியவில்லை. முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் மெல்லிய வெள்ளித் தகட்டில் அடித்து, விளிம்பில் வெள்ளிப் பட்டை கட்டி இணைத்தார்கள். உள்ளே கூடு. நீங்கள் பார்த்தது கெட்டியான வார்ப்பாக இருந்தால் விஷயம் முடிந்தது. அசல் ஒன்று வந்தால் பெரிய ஏல நிறுவனம் வழியாக, கை மாறி வந்த வரலாற்றோடுதான் வரும். ஜெஃபர்சன் முகமே வேண்டும் என்றால் அமெரிக்க மின்ட் பின்னாளில் வெண்கலத்தில் அடித்தது கிடைக்கும். 19-ஆம் நூற்றாண்டில் அடித்ததென்றால் ஆழ்ந்த செம்பழுப்பு, அண்மைக் காலத்தது என்றால் மஞ்சள் சாயல். நிறத்தைப் பார்த்தே பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

அசல் பீஸ் மெடல்களை நான் வாங்குவதில்லை, விலை மட்டும் காரணமில்லை. ஒவ்வொன்றும் ஒரு தலைவரின் மார்பில் தொங்கியது. அவர்களுக்குக் கொடுத்த வாக்குறுதிகள் என்ன ஆயின என்பது நமக்குத் தெரியும். செனெகா தலைவர் ரெட் ஜாக்கெட்டுக்கு 1792-ல் வாஷிங்டன் கொடுத்த பதக்கத்தை பஃபலோ அருங்காட்சியகம் 2021-ல் செனெகா மக்களிடமே திருப்பிக் கொடுத்தது. அது போய்ச் சேர வேண்டிய இடம் அதுதான். இது என் நிலை. மற்றவர்கள் வேறு மாதிரி நினைக்கலாம்.

பச்சை விஷயம். பல்குத்தும் மரக்குச்சி முனையால் மெல்லத் தொட்டுப் பாருங்கள், சுரண்ட வேண்டாம். கெட்டியாக, கரும்பச்சையாக, உலோகத்தோடு ஒட்டி இருந்தால் பல ஆண்டுகளாக அப்படியேதான் இருக்கிறது, விட்டுவிடுங்கள். பசைபோல் ஒட்டினால் பழைய பிவிசி பிளாஸ்டிக் உறையில் கிடந்ததன் விளைவு. கலப்படமில்லாத அசிட்டோனைக் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றி, சன்னலைத் திறந்து வைத்து, பதக்கத்தைச் சற்று நேரம் ஊறவிட்டு எடுத்தால் போதும், தேய்க்க வேண்டாம். நகப்பூச்சு நீக்கும் திரவம் உதவாது, அதில் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும். மேலே லாக்கர் என்ற வார்னிஷ் போன்ற பூச்சு பூசியிருந்தால் அசிட்டோன் அதையும் எடுத்துவிடும், அதனால் முதலில் விளிம்பில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். வெளிர்பச்சைப் பொடியாக உதிர்ந்து, துடைத்த பிறகும் திரும்பி வந்தால் அது செம்பை அரிக்கும் நோய். அப்போது மற்றப் பதக்கங்களை விட்டுத் தனியே வைத்து, பழம்பொருள் பராமரிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

வைப்பதற்கு இவ்வளவு பெரிய பதக்கத்துக்கு ஏற்ற மைலார் பிளாஸ்டிக் உறையோ அக்ரிலிக் பெட்டியோ கிடைக்கும், பிவிசி இல்லாதது என்று கேட்டு வாங்குங்கள். உள்ளே ஒரு சிலிகா ஜெல் பொட்டலம். எடுக்கும்போது விளிம்பைப் பிடித்தே எடுங்கள், கீழே மெத்தென்று துணி விரித்துக்கொள்ளுங்கள். கூடவே ஒரு சீட்டில் எங்கே, எப்போது, எவ்வளவுக்கு வாங்கினீர்கள், விளிம்பில் என்ன இருக்கிறது என்று எழுதிப் பெட்டிக்குள் போடுங்கள். பச்சை எந்த வகை என்று பார்த்ததும் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.